அட்டையின் பின்பக்கம்

கச்சேரியில் என் இலக்கம் அறுபத்திரண்டு.
மின்விசிறி என் பக்கம் திரும்புவதாயில்லை.
லைசன்ஸை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன்.
யாரும் வாசிக்காத பக்கம்.
பொலிஸ்காரர் கூட முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

கடுகளவு படங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாய்.
ஏ: மோட்டச்சைக்கிள். திகதி இருக்கிறது.
பி-ஒன்று: ஓட்டோ. அதற்கும் இருக்கிறது.
அதற்குக் கீழே
கார், லொறி, பஸ், உழவு இயந்திரம்,
எனக்கு எல்லாம் தரிசு.

நீர்வேலிச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்ற
ஓட்டோ காணாது என்றுதான் வந்தேன்.
பத்துக் குலைக்கு மேல் அடுக்கினால்
முன்சில்லு நிலத்தை மறந்துவிடுகிறது.
செல்வநிதி மச்சாள் சின்ன லொறி ஒன்று விற்கிறாள்,
பின்கதவு கட்டுக்கம்பியில் நிற்கிறது, எஞ்சின் மட்டும் கெட்டி.
அது சி-ஒன்று என்றார்கள்.
சி-ஒன்றுக்கு முதலில் பி வேண்டும்,
பி எடுத்த பிறகு இரண்டு வருசம் பழுக்க வேண்டும்.
வாழைக்குலையைப் புகை போட்டால் மூன்று நாள்.

முன்னால் நின்ற பொடியன்
(பைலில் நிரோஜன் என்று எழுதியிருந்தது)
கட்டாருக்குப் போகக் கனரகம் கேட்கிறான்.
கை விரல்களில் மடக்கி மடக்கிச் சொன்னான்:
"பின்னால பெட்டி கொளுவினால்
அதுக்கு வேற எழுத்து, தெரியுமே அக்கா?
பஸ்ஸும் அப்பிடித்தான்.
முப்பத்து மூண்டு சீற் வரைக்கும் சின்ன பஸ், டி-ஒண்டு.
ஒரு சீற் கூடினால் டி."

ஒரு சீற் கூடினால்.

எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.
விசுவமடு, ஒரு தை மாத இரவு.
உழவு இயந்திரத்துச் சொந்தக்காரரின் வலது கை
ஒரு சீலைச் சுற்றுக்குள் இருந்தது.
எனக்குப் பதினெட்டு.
கிளச் எது, பிறேக் எது என்று
பெட்டிக்குள் படுத்தபடி அவர் கத்தினார்.
லைற் போடக்கூடாது.
பள்ளம் எது, படுத்திருக்கும் மாடு எது,
சில்லு ஏறியபின்தான் தெரியும்.
பெட்டியில் நாற்பத்தொரு பேர், மூன்று ஆடு,
ஒரு தையல் மெஷின்.

உழவு இயந்திரத்துக்கு ஜி.
கொளுவிய பெட்டிக்கு இன்னொரு எழுத்து.
நாற்பத்தொரு பேருக்கு டி.
விடியப் பார்த்தால் இறங்கியவர்கள் முப்பத்தொன்பது.

முப்பத்தொன்பதும் டிதான்.

"அறுபத்திரண்டு!"

கவுன்டரில் இருந்த மிஸ்
கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.
"தோட்டக்காரர் எல்லாரும் ஜியும் சேர்த்துத்தான் போடுறவை.
ரக்டர் ஓடத் தெரியுமோ?
தெரிஞ்சால் இப்பவே எழுதிவிடுறன்,
பிறகு இன்னொருக்கா அலையத் தேவையில்லை."
நல்ல மனுசி.
பேனை படிவத்தின் மேலே காத்து நின்றது.

"தெரியாது" என்றேன்.

பி-க்கு மட்டும் சரி போட்டாள்.

வெளியே பெட்டிக்கடையில் எல் அட்டை வாங்கினேன்,
முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று.
ஓட்டோவின் பின்சீற்றில் அவற்றை இருத்தினேன்,
காசு தராத இரண்டு பயணிகள் மாதிரி.

இருபாலைச் சந்தியில் பொலிஸ் மறித்தார்.
இளம் ஆள், புதிதாய் வந்தவர் போல.
முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பிறகு, அதிசயமாய், அட்டையைத் திருப்பினார்.
விரலை வரிசை வரிசையாய் இறக்கிக்கொண்டு போய்
"நிறைய இடம் சும்மா இருக்கு, அக்கா" என்று
தத்தித் தத்தித் தமிழில் சிரித்தார்.

ஓம் என்றேன்.
பின்னால் ஒரு லொறி ஹோன் அடித்தது,
சி-ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.
ஓரம் கொடுத்தேன்.